வீட்டு ரவுட்டரில் வைஃபை அமைப்பது எப்படி: முதலில் எது, அப்புறம் எது

வீட்டு ரவுட்டரில் நாம் தொட வேண்டிய வைஃபை அமைப்புகள் கொஞ்சம்தான். பெயர், பாதுகாப்பு முறை, கடவுச்சொல், சேனல் (வைஃபை ஓடும் அலைப்பாதை). ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் எளிது. ஆனாலும் முதல் முறை செய்கிறவர்களில் பலர் பாதி வழியில் சிக்கிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் காரணம் வரிசை தவறுவதுதான். வைஃபையில் இணைந்தபடியே வைஃபையின் பெயரை மாற்றுவார்கள், உடனே இணைப்பு அறுந்துவிடும். பதற்றத்தில் ரீசெட் துளையில் ஊசியைக் குத்துவார்கள். அதோடு இணைய நிறுவனத்தின் ஆள் வந்து பதிந்துவைத்த விவரங்களும் அழிந்துபோகும். பத்து நிமிட வேலை, ஆள் வரும்வரை இரண்டு நாள் காத்திருப்பாக மாறிவிடும்.

அதனால் கீழே உள்ளதை அதே வரிசையில் செய்யுங்கள். தமிழ்நாட்டு வீடுகளில் இப்போது பரவலாக இருக்கும் ஃபைபர் இணைப்பை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மெனுவின் பெயர்கள் பெட்டிக்குப் பெட்டி மாறும், வரிசை மாறாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரை மொபைலில் தெளிவாகப் படம் எடுங்கள். அமைப்புப் பக்கத்தின் முகவரி, அதில் நுழைவதற்கான பயனர் பெயர், கடவுச்சொல், ஆலையில் வைத்த வைஃபை பெயர் எல்லாம் அதில்தான் இருக்கும். பெட்டியைச் சுவரில் அடித்திருந்தால் அதைக் கழற்ற வேண்டாம், மொபைலை அடியில் நீட்டிப் படம் எடுத்தால் போதும். பெட்டிக்குள் போகும் மெல்லிய ஃபைபர் ஒயருக்குள் இருப்பது கண்ணாடி இழை. இழுத்தாலோ மடித்தாலோ உள்ளே உடைந்துவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இரண்டாவது, இணைய இணைப்பின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும். பல நிறுவனங்கள் பிபிபிஓஇ என்ற முறையில் இணைப்பு தருகின்றன. அதற்கான விவரம் பெட்டிக்குள் பதிந்திருப்பதால் நமக்கு அது தெரியாமலே இருக்கும். உங்கள் ஏரியா ஆபரேட்டரைக் கூப்பிட்டு அதையும், வி-லேன் எண் ஏதாவது போட்டிருந்தால் அதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். இன்றைக்கு இது தேவைப்படாமல் போகலாம். ஆனால் தேவைப்படும் நேரத்தில் உங்களிடம் இணையம் இருக்காது, ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆபரேட்டரும் போனை எடுக்க மாட்டார்.

மூன்றாவது, ஒரு லேன் கேபிள். ரவுட்டர் வாங்கிய அட்டைப் பெட்டிக்குள் சின்னதாக ஒன்று இருக்கும். மடிக்கணினியில் அந்தத் துளை இல்லையென்றால் யுஎஸ்பி அடாப்டர் கிடைக்கும். அதுவும் இல்லை, மொபைல் மட்டும்தான் என்றாலும் வேலையை முடிக்கலாம். அதற்கான மாற்று வழியை 8ஆம் படியில் சொல்கிறேன்.

கடைசியாக, வீட்டில் வைஃபையில் ஓடும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். மொபைல்கள், டிவி, பிரிண்டர், வாசல் கேமரா, ஸ்மார்ட் பல்பு, இன்வெர்ட்டர் ஏசி, சோலார் பேனலின் இன்வெர்ட்டர். கடவுச்சொல்லை மாற்றினால் இவை எல்லாவற்றிலும் புதிதாகப் போட வேண்டும். சோலாரையும் கேமராவையும்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அவை துண்டித்துக் கிடப்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது மீட்டிங்கிலோ ஆன்லைன் வகுப்பிலோ இருக்கும்போது இதைத் தொடாதீர்கள்.

2. வைஃபை எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது?

இதைப் பார்க்காமல் நேராக அமைப்புப் பக்கத்துக்குப் போகிறவர்கள், தவறான பெட்டியில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு "ஒன்றும் மாறவில்லையே" என்று நிற்பார்கள்.

சில வீடுகளில் ஒரே பெட்டிதான். ஃபைபர் நேராக அதற்குள் போகும், வைஃபையும் அதிலிருந்தே வரும். அப்படியானால் அடுத்த படிக்குப் போகலாம். வேறு சில வீடுகளில் ஃபைபர் போகும் பெட்டி ஒன்று, கடையில் வாங்கிய ரவுட்டர் ஒன்று என இரண்டு இருக்கும். நடுவில் ஒரு லேன் கேபிள் ஓடும். அங்கே இரண்டுமே வைஃபை தந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டு பெட்டிகளும் அருகருகே இருந்தால், 3, 4ஆம் படிகளை முடித்ததும் ஒன்றின் வைஃபையை நிறுத்திவிடுங்கள். பொதுவாக நாம் வாங்கிய ரவுட்டரை வைத்துக்கொண்டு ஃபைபர் பெட்டியின் வைஃபையை அணைப்பது நல்லது. ஒரே மேசையில் இரண்டு வைஃபை இருந்தால் ஒன்றுக்கொன்று குறுக்கே நிற்கும். மொபைலும் எதில் இணைந்திருக்கிறது என்று தெரியாமல் குழப்பும்.

இரண்டு பெட்டி உள்ள வீட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டுமே 192.168.1.1 என்ற முகவரியை வைத்திருந்தால் மோதல் வரும். வைஃபை இணையும், இணையம் மட்டும் வராது. நாம் வாங்கிய ரவுட்டரின் லேன் முகவரியை 192.168.10.1 என்று மாற்றினால் பிரச்சினை தீர்ந்தது. சில ரவுட்டர்கள் தாமாகவே மாற்றிக்கொள்ளும், பல அப்படிச் செய்வதில்லை.

3. அமைப்புப் பக்கத்தைத் திறப்பது

கேபிளின் ஒரு முனையை மடிக்கணினியில் செருகுங்கள். மறுமுனையை ரவுட்டரில் லேன் என்று எழுதிய துளைகளில் ஏதாவது ஒன்றில் செருகுங்கள். தனி நிறத்தில் இருக்கும் வேன் (WAN) அல்லது இன்டர்நெட் துளை வேண்டாம், அது வெளியிலிருந்து இணையம் உள்ளே வரும் வழி. பிறகு மடிக்கணினியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் கேபிளில் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வைஃபையிலேயே வேலை செய்துகொண்டிருப்பீர்கள்.

உலாவியின் முகவரிப் பட்டையில் ஸ்டிக்கரில் உள்ள எண்ணைத் தட்டச்சு செய்யுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். ஜியோஃபைபர் பெட்டிகளில் 192.168.29.1. ஸ்டிக்கர் கிழிந்துபோயிருந்தால் மடிக்கணினியின் நெட்வொர்க் விவரங்களில் 'டிஃபால்ட் கேட்வே' என்ற வரியைப் பாருங்கள், அங்கே இருக்கும் எண்தான் முகவரி.

இங்கே தடுமாறும் இடங்கள் மூன்று. ஒன்று, எண்ணை கூகுள் தேடல் பெட்டியில் போடுவது. தேடல் முடிவுகள் வருமே தவிர உங்கள் ரவுட்டர் வராது. இரண்டு, மொபைலில் செய்யும்போது மொபைல் டேட்டாவை அணைக்காமல் விடுவது. வைஃபையில் இணையம் இல்லையென்றால் மொபைல் சத்தமில்லாமல் டேட்டாவுக்குத் தாவிவிடும், பக்கம் திறக்காது. மூன்று, 'இந்தப் பக்கம் பாதுகாப்பானதல்ல' என்ற எச்சரிக்கையைப் பார்த்துப் பின்வாங்குவது. வீட்டுக்குள் இருக்கும் ரவுட்டருக்கு இணையதளங்களைப் போல அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழ் இருக்காது. நீங்கள் தட்டச்சு செய்த எண் சரி என்று உறுதியாகத் தெரிந்தால், 'அட்வான்ஸ்டு' என்பதைத் தட்டித் தொடரலாம். வேறு எந்த இணையதளத்திலும் இப்படிச் செய்யாதீர்கள்.

சரியான கடவுச்சொல் போட்டும் உள்ளே விடவில்லை, அல்லது உள்ளே போனாலும் வைஃபை மெனுவே இல்லை என்றால், நிறுவனம் அதைத் தன் கையில் வைத்திருக்கிறது என்று பொருள். சில நிறுவனங்கள் பெட்டியைத் தூரத்திலிருந்தே நிர்வகிக்கின்றன. அவர்களின் மொபைல் செயலியிலேயே வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆபரேட்டரிடம் கேளுங்கள்.

4. எதையும் மாற்றும் முன் பிரதி எடுங்கள்

'சிஸ்டம்' அல்லது 'மெயின்டனன்ஸ்' மெனுவில் 'பேக்அப்' என்று ஒன்று இருக்கும். அதைத் தட்டினால் இப்போதைய அமைப்பு முழுவதும் ஒரு கோப்பாக இறங்கும். ஏதாவது சொதப்பினால் அதே இடத்தில் 'ரீஸ்டோர்' கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

பேக்அப் வசதி இல்லையென்றால் வேன் பக்கத்தையும் வயர்லெஸ் பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து மொபைலில் படம் எடுங்கள். ஐந்து நிமிடம் ஆகும். இதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள்.

ரீசெட் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு. ஸ்விட்சை அணைத்துப் போட்டால் எதுவும் அழியாது. ஊசியால் துளையைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் ஆலையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும், பிபிபிஓஇ விவரமும் போய்விடும். முதல் படியில் கேட்டு வாங்கச் சொன்ன விவரம் கையில் இல்லாமல் அந்தத் துளையைத் தொடாதீர்கள்.

5. ரவுட்டருக்குள் நுழையும் கடவுச்சொல்லை மாற்றுங்கள்

ரவுட்டரில் இரண்டு கடவுச்சொற்கள் உண்டு. ஒன்று வைஃபையில் இணைவதற்கு. மற்றொன்று இந்த அமைப்புப் பக்கத்துக்குள் நுழைவதற்கு. புதியவர்கள் முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதை அப்படியே 'அட்மின்' என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் வைஃபைக்குள் வந்த யாரும் ரவுட்டருக்குள்ளும் போகலாம். கடவுச்சொல்லைப் பார்க்கலாம், இணையதளப் பெயரை வைத்து அதன் இடத்தைக் கண்டுபிடித்துத் தரும் டிஎன்எஸ் சர்வரின் முகவரியை மாற்றி உங்களைப் போலி இணையதளங்களுக்குத் திருப்பலாம்.

வைஃபை அமைப்புகளுக்கு முன்பே இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம், வைஃபை வேலை செய்யத் தொடங்கிவிட்டால் எல்லோரும் பக்கத்தை மூடிவிட்டு எழுந்துவிடுகிறார்கள் என்பதுதான். இரண்டு கடவுச்சொல்லும் ஒன்றாக இருக்கக் கூடாது. வைஃபை கடவுச்சொல் வீட்டுக்கு வரும் எல்லோர் காதிலும் விழும், இது விழக் கூடாது.

அதே மெனுவில் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' இருந்து, பெட்டி நீங்களே வாங்கியதாகவும் இருந்தால், அதை அணைத்துவிடுங்கள். வெளியூரிலிருந்து ரவுட்டரை இயக்கும் தேவை வீடுகளில் அநேகமாக இல்லை.

6. ஃபர்ம்வேர்

ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்தான் ஃபர்ம்வேர். சொந்தமாக வாங்கிய ரவுட்டர் என்றால் 'ஃபர்ம்வேர் அப்டேட்' இருக்கிறதா என்று பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். அது ஓடும் சில நிமிடங்கள் கரண்ட் போகக் கூடாது, பாதியில் நின்றால் ரவுட்டர் செத்துப்போகலாம். இன்வெர்ட்டரில் இணைத்துவிட்டுச் செய்யுங்கள், அல்லது உங்கள் தெருவில் கரண்ட் போகாத நேரமாகப் பாருங்கள். நிறுவனம் தந்த பெட்டி என்றால் இதைத் தொட வேண்டாம், அவர்களே அனுப்புவார்கள்.

7. பெயர்

மெனுவில் 'வயர்லெஸ்' அல்லது 'டபிள்யூலேன்' என்று இருக்கும். அதில் எஸ்எஸ்ஐடி என்ற கட்டத்தில் இருப்பதுதான் உங்கள் வைஃபையின் பெயர்.

பழைய ரவுட்டரை மாற்றிவிட்டுப் புதிதாக ஒன்று வைக்கிறீர்களா? அப்படியானால் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் ஒரு எழுத்து மாறாமல் இதிலும் போடுங்கள். பாதுகாப்பு முறையும் ஒத்திருந்தால் வீட்டில் உள்ள எல்லாமே தானாக இணைந்துவிடும், டிவி, கேமரா எதையும் தொட வேண்டியதில்லை. பழைய கடவுச்சொல் ஊரறிந்ததாக இருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

புதிதாகப் பெயர் வைக்கிறீர்கள் என்றால் உங்கள் பெயர், வீட்டு எண், ஃபிளாட் எண் எதுவும் வேண்டாம். தெருவில் போகிற யார் மொபைலிலும் அது தெரியும். ரவுட்டர் கம்பெனி வைத்த பெயரையும் விட்டுவைக்க வேண்டாம். பெயரையும் கடவுச்சொல்லையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் வைஃபையின் சாவி உருவாகிறது. எல்லோரும் வைத்திருக்கும் பொதுப்பெயர்களுக்கு முன்கூட்டியே கணக்கிட்ட பட்டியல்கள் உண்டு, தனிப்பெயருக்கு அது இருக்காது.

தமிழில் பெயர் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. புது மொபைல்கள் காட்டும். ஆனால் பெயருக்கான இடம் 32 பைட் மட்டுமே. ஒரு ஆங்கில எழுத்து ஒரு பைட் என்றால், தமிழில் உயிரெழுத்து, மெய், புள்ளி, கொம்பு, கால் ஒவ்வொன்றும் மூன்று பைட். 'எங்கள்வீடு' என்ற ஒரு சொல்லே 30 பைட்டை நிரப்பிவிடும். பிரிண்டர், கேமரா போன்றவை அதைக் கட்டம் கட்டமாகக் காட்டும், சில இணையவே மறுக்கும். எனக்கும் தமிழில் வைக்க ஆசைதான், ஆனாலும் இங்கே ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும். பெயரின் முன்னும் பின்னும் இடைவெளி விழுந்துவிடாமல் பாருங்கள். மொபைலில் தட்டச்சு செய்யும்போது பரிந்துரைச் சொல்லைத் தொட்டால் கடைசியில் ஒரு இடைவெளி சேர்ந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது.

இரண்டு அலைவரிசை உள்ள ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு பக்கங்கள் இருக்கும். 2.4 தூரம் போகும், சுவரைத் தாண்டும், வேகம் குறைவு. 5 வேகமானது, ஆனால் இரண்டு செங்கல் சுவர் தாண்டினாலே தளர்ந்துவிடும். இரண்டுக்கும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். அறைக்கு ஏற்ப மொபைலே மாறிக்கொள்ளும். தனித்தனிப் பெயர் வைத்தால் வீட்டில் உள்ள பெரியவர்கள் ஏதோ ஒன்றில் இணைந்து, பின்கட்டுக்குப் போனதும் 'நெட் வரவில்லை' என்று கூப்பிடுவார்கள்.

பெயரை மறைக்கும் 'ஹைடு எஸ்எஸ்ஐடி' வேண்டாம். தேடத் தெரிந்தவருக்கு அது மறையாது. மாறாக, உங்கள் மொபைல்தான் போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லித் தேடிக்கொண்டிருக்கும்.

8. பாதுகாப்பு முறையும் கடவுச்சொல்லும்

இந்தப் படியை அவசரப்படாமல் செய்யுங்கள்.

'செக்யூரிட்டி' கட்டத்தில் பல தேர்வுகள் வரும். டபிள்யூபிஏ2-பிஎஸ்கே, அதனுடன் ஏஇஎஸ் என்பது எல்லா வீட்டுக்கும் பொருந்தும். டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலப்பு என்று இருந்தால் அது இன்னும் நல்லது, புதிய கருவிகள் டபிள்யூபிஏ3இலும் பழையவை டபிள்யூபிஏ2இலும் இணையும். டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய டிவியும் பிரிண்டரும் வெளியே நின்றுவிடும்.

தேர்ந்தெடுக்கக் கூடாதவை: திறந்த நிலை, டபிள்யூஇபி, டிகேஐபி. டிகேஐபி பலவீனமானது என்பதோடு வேகத்தையும் கெடுக்கும். அதில் இணைந்த கருவி 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாது. 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு 20, 25தான் வருகிறது என்று வருந்துகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. 'டிகேஐபி+ஏஇஎஸ்' என்று இருந்தாலும் ஏஇஎஸ் மட்டும் என மாற்றுங்கள்.

கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். இணைப்பு போட வருகிறவர்கள் பெரும்பாலும் உங்கள் மொபைல் எண்ணையே கடவுச்சொல்லாக வைத்துவிட்டுப் போவார்கள். நினைவில் நிற்கும் என்று நாமும் விட்டுவிடுகிறோம். நம் மொபைல் எண்கள் 6, 7, 8, 9 இவற்றில்தான் தொடங்கும், ஆக மொத்தம் 400 கோடி சாத்தியங்கள். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் ஒருவர் உங்கள் வைஃபையில் ஒரு கருவி இணையும் தருணத்தைப் பதிவு செய்துகொண்டு போய், தன் கணினியில் உட்கார்ந்து ஊகித்துப் பார்க்க முடியும். நல்ல கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினிக்கு 400 கோடி என்பது சில மணி நேர வேலை. பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த வேலையும் இல்லை, உங்கள் எண் அவரிடமே இருக்கிறது.

நீளம்தான் பாதுகாப்பு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். மணல், கடல், எலி, பனை என்பது போல. 18 எழுத்து வந்துவிடும், பாட்டிக்கும் சொல்லித்தரலாம். இதையே வைக்காமல் உங்களுடையதாக நான்கு சொல் எடுங்கள். ஆங்கில எழுத்தில் எல்லோரும் ஒரே மாதிரி எழுதும் சொல்லாகப் பாருங்கள். கதவு, வாழை, தோசை போன்றவற்றை வீட்டில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், பிறகு 'கடவுச்சொல் தவறு' என்றுதான் வரும். எல்லாம் சிறிய எழுத்திலேயே இருக்கட்டும். டிவி ரிமோட்டில் பெரிய எழுத்தும் குறியீடுகளும் போடுவது பெரும் தொல்லை.

அடுத்து டபிள்யூபிஎஸ். பொத்தானை அழுத்தி இணைக்கும் வசதி அது. அதில் உள்ள 'பின்' (PIN) எண் முறையை அணைத்துவிடுங்கள். எட்டு இலக்கம் என்றாலும் ரவுட்டர் அதை இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது. அதனால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம். 2011இலேயே வெளிவந்த ஓட்டை இது. மேலே போட்ட 18 எழுத்துக் கடவுச்சொல்லை இந்தப் பின்வாசல் வீணாக்கிவிடும்.

மேக் முகவரி (ஒவ்வொரு கருவியும் காட்டும் அடையாள எண்) பட்டியல் போட்டு வடிகட்டும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் மொபைல்கள் வைஃபைக்கு வைஃபை வேறு முகவரியைக் காட்டுகின்றன. உங்கள் மொபைலே ஒரு நாள் வெளியே நிற்கும்.

இப்போது மொபைல் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு. பெயர், பாதுகாப்பு, கடவுச்சொல் மூன்றும் பெரும்பாலும் ஒரே பக்கத்தில் இருக்கும். மூன்றையும் நிரப்பி, ஒரு முறை சரிபார்த்து, கடைசியில் ஒரே ஒரு முறை 'சேவ்' கொடுங்கள். இணைப்பு அறுந்துபோகும். அது பிழையல்ல, பழைய பெயர் இப்போது இல்லை என்பதுதான். ஒரு நிமிடம் பொறுத்து, புதிய பெயரைத் தேடிப் புதிய கடவுச்சொல்லோடு இணையுங்கள். பின்னர் மீண்டும் அமைப்புப் பக்கத்துக்குள் போய் அடுத்த அலைவரிசைக்கும் அதையே செய்யுங்கள்.

9. முதலில் இடம், அப்புறம் சேனல்

சேனலைத் தேர்ந்தெடுக்கும் முன் ரவுட்டரின் இடத்தை முடிவு செய்யுங்கள். இடம் மாறினால் சுற்றியுள்ள வைஃபைகளின் வலிமையும் மாறும், தேர்ந்தெடுத்த சேனல் வீண்.

ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால், டிவிக்குப் பின்னால், மீட்டர் பெட்டிக்கு அருகே, லாஃப்ட்டின் மூலையில் வேண்டாம். இரும்பு அலையைத் தடுத்துவிடும். வீட்டின் நடுவில், நெஞ்சளவுக்கு மேல், திறந்த இடத்தில் இருந்தால் போதும். ஃபைபர் வாசலோடு நின்றுவிட்டது என்றால் ஆபரேட்டரிடம் சொல்லி உள்ளே நீட்டிக்கலாம். அல்லது ஃபைபர் பெட்டியை அங்கேயே விட்டு, லேன் கேபிள் மட்டும் கூடத்துக்கு இழுத்து ரவுட்டரை அங்கே வைக்கலாம்.

2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 1, 6, 11 மூன்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். அடுத்தடுத்த சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, ஆனால் ஒரு வைஃபை பிடிக்கும் அகலம் 20. அதனால் 1, 6, 11 மட்டுமே ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் செயலிகள் உண்டு. அதில் பார்த்து '3 காலியாக இருக்கிறது' என்று அதைப் போடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்று பேசி முடிக்கும்வரை மற்றது காத்திருக்கும். 3இல் இருந்தால் 1இல் உள்ளவையும் 6இல் உள்ளவையும் உங்களுக்கு வெறும் இரைச்சல், நீங்களும் அவர்களுக்கு இரைச்சல். மூன்றில் எதில் மற்றவர்களின் சிக்னல் வலுக் குறைவாக இருக்கிறதோ அதை எடுங்கள்.

'சேனல் விட்த்' 2.4இல் 20 மெகாஹெர்ட்ஸ். 40 வைத்தால் வேகம் கூடும் என்று தோன்றும். அடுக்குமாடியிலும் நெருக்கமான தெருவிலும் அது குறையத்தான் செய்யும், பக்கத்து வீட்டாருக்கும் இடைஞ்சல்.

5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைக்கலாம். சேனல் 36 அல்லது 149இல் தொடங்கிப் பாருங்கள். 52 முதல் 144 வரையிலான சேனல்களில் பல ரவுட்டர்கள் ரேடார் இருக்கிறதா என்று ஒரு நிமிடம் கவனித்த பிறகே வைஃபையைத் தொடங்கும். அந்த இடைவெளியில் '5 ஜி பெயர் காணவில்லை' என்று பதற வேண்டாம். நாடு என்ற கட்டம் இருந்தால் இந்தியா என்று வையுங்கள்.

10. விருந்தினருக்கும் கருவிகளுக்கும் தனி வைஃபை

'கெஸ்ட் நெட்வொர்க்' என்ற வசதி இருந்தால் அதை 2.4இல் மட்டும் இயக்கி, வேறு பெயர், வேறு கடவுச்சொல் வையுங்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இதைத் தரலாம். ஸ்மார்ட் பல்பு, பிளக், கேமரா போன்றவற்றையும் இதிலேயே இணைக்கலாம். அவற்றில் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்த வீட்டில் அவை முதல் முறை இணைய அடம்பிடிக்கும், இங்கே அந்தச் சிக்கல் வராது. ஆண்டுக்கணக்கில் அப்டேட் வராத மலிவான கேமராவையும் உங்கள் மடிக்கணினியையும் ஒரே வைஃபையில் வைக்காமல் இருப்பது கூடுதல் நிம்மதி.

டிவியும் பிரிண்டரும் மட்டும் முதன்மை வைஃபையிலேயே இருக்கட்டும். மொபைலிலிருந்து டிவிக்குப் படம் அனுப்பவும் அச்சிடவும் இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும்.

11. சேமித்து, இந்த வரிசையில் சரிபாருங்கள்

சில பெட்டிகளில் 'அப்ளை' கொடுத்தால் இப்போதைக்கு மட்டும் மாறும், தனியாக 'சேவ்' கொடுத்தால்தான் நிலைக்கும். அதனால் எல்லாம் முடிந்ததும் ரவுட்டரை ஒரு முறை அணைத்துப் போட்டு, மாற்றங்கள் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பிறகு கேபிளை எடுக்காமலே மொபைலை வைஃபையில் இணையுங்கள். மொபைலில் இணையம் வராமல் கேபிளில் வந்தால் சிக்கல் வைஃபை அமைப்பில். இரண்டிலும் வரவில்லை என்றால் சிக்கல் வெளியே. கேபிளை அதுவரை விட்டுவைப்பது இந்த ஒரு விடைக்காகத்தான்.

மொபைல் சரியானதும் டிவி, பிரிண்டர், கடைசியில் கேமரா, பல்புகள் என்று முதல் படியில் எழுதிய பட்டியலில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். எல்லாம் முடிந்ததும் புதிய அமைப்பை இன்னொரு முறை பேக்அப் எடுங்கள்.

12. சிக்கினால்

பெயர் தெரிகிறது, கடவுச்சொல் தவறு என்கிறது: கருவி பழைய கடவுச்சொல்லை நினைவில் வைத்திருக்கும். அதில் 'ஃபர்கெட்' கொடுத்துவிட்டுப் புதிதாக இணையுங்கள்.

ஒரு பழைய மடிக்கணினியில் மட்டும் பெயரே வரவில்லை: அதில் 5 கிகாஹெர்ட்ஸ் இல்லாமல் இருக்கலாம், அல்லது அதன் வைஃபை டிரைவர் மிகப் பழையதாக இருக்கலாம். வைஃபை 6 ரவுட்டரைப் பழைய டிரைவர்கள் பார்க்கவே மாட்டா. கேபிளில் இணைத்து டிரைவரைப் புதுப்பியுங்கள். முடியாவிட்டால் 2.4இன் 'மோட்' கட்டத்தில் ஏஎக்ஸ் (வைஃபை 6) என்பதை எடுத்துவிட்டு பி/ஜி/என் என்று வையுங்கள்.

இணைந்திருக்கிறது, இணையம் இல்லை: ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கைப் பாருங்கள். அது சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ ஃபைபரில் ஒளி வரவில்லை. நீங்கள் மாற்றிய எதுவும் அதற்குக் காரணமல்ல, ஆபரேட்டரைக் கூப்பிடுங்கள். விளக்கு சரியாக இருந்தால் வேன் பக்கத்தில் பிபிபிஓஇ இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பெட்டி வீடு என்றால் முகவரி மோதலையும் பார்க்க வேண்டும்.

அமைப்புப் பக்கத்தின் கடவுச்சொல்லே மறந்துவிட்டது: இதற்கு மட்டும்தான் ரீசெட். நிறுவனம் தந்த பெட்டி என்றால் அதற்கும் முன் ஆபரேட்டரைக் கேளுங்கள், அவரால் தூரத்திலிருந்தே மாற்ற முடியலாம். ரீசெட் செய்தே ஆக வேண்டும் என்றால், செய்தபின் முதலில் ஸ்டிக்கரில் உள்ள கடவுச்சொல்லோடு நுழையுங்கள். பிபிபிஓஇ விவரத்தையும் வி-லேன் எண்ணையும் போட்டு இணையம் வருவதை உறுதி செய்யுங்கள். பிறகு 5ஆம் படியிலிருந்து தொடருங்கள். 4ஆம் படியில் எடுத்த பேக்அப்பை இங்கே ஏற்றினால் பல பெட்டிகளில் மறந்துபோன அதே பழைய கடவுச்சொல்லும் திரும்பி வந்துவிடும். அதனால் இந்த ஒரு சூழலில் மட்டும் பேக்அப்பை ஏற்றாமல், எடுத்துவைத்த படங்கள் இருந்தால் அவற்றைப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கையால் போடுங்கள்.